18 வயசு பொண்ணு, சிவப்பு பென்சில்ல எழுதின ஒரே ஒரு வரி! | செல்மாவோட கவிதை நோட்டு

வணக்கம் மக்களே. ஒரு கவிதை ஆல்பம். உள்ள 57 கவிதை, அத்தனையும் கையெழுத்து. கடைசியா சிவப்பு பென்சில்ல ஒரு வரி: "எழுதி முடிக்க எனக்கு நேரம் கிடைக்கல."

எழுதினது செல்மா மீர்பாவும்-ஐசிங்கர்.

பேக்கிரவுண்ட் வேகமா சொல்லிடறேன், ஸ்கிப் பண்ணாதீங்க. 1924ல பிறந்தவ, ஊரு செர்னோவிட்ஸ், அப்போ ருமேனியா, இப்போ உக்ரைன், யூதக் குடும்பம், எழுதினது ஜெர்மன்ல. 1942 ஜூன்ல அம்மாவோட, அம்மாவோட ரெண்டாவது வீட்டுக்காரரோட சேர்த்து இவளையும் டிரான்ஸ்னிஸ்ட்ரியா (அப்போ ருமேனியா பிடிச்சு வச்சிருந்த பகுதி) பக்கம் நாடு கடத்தினாங்க. டிசம்பர்ல மிகைலோவ்கா முகாம்ல டைஃபஸ் காய்ச்சல், அவ்வளவுதான், ஆள் போயிட்டா.

இப்ப மேட்டருக்கு வருவோம். ஹோலோகாஸ்ட், அதாவது நாஜிங்களும் அவங்க கூட்டாளிங்களும் நடத்தின யூத இனப்படுகொலை, அந்தக் காலத்து கவிதைன்னதும் முள்வேலி, புகை, பிணம்னு எதிர்பார்ப்போம்ல? இதுல மழை இருக்கு, செஸ்நட் காய் இருக்கு, தாலாட்டு இருக்கு, அப்புறம் லைசர் ஃபிக்மன்னு ஒரு பையன் மேல பயங்கரமான லவ் இருக்கு. ஆல்பத்தையே அவனுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணிருக்கா. 1941 ஜூலை 7ஆம் தேதி போட்ட ஒரு கவிதைல மட்டும் "நான் வாழணும்"னு நேராவே கேக்கறா, அது ருமேனிய, ஜெர்மன் படைங்க ஊருக்குள்ள நுழைஞ்ச அதே வாரம். பாவம்னு ஒரு எக்ஸ்ட்ரா மார்க் போட்டு படிக்காதீங்க ப்ளீஸ், அவ நல்லா எழுதறா, அதான் விஷயம்.

இந்த நோட்டு தப்பிச்ச கதைய கேளுங்க, சினிமால வச்சா நம்ப மாட்டீங்க. நாடு கடத்தறப்போ ஃப்ரெண்டு மூலமா லைசருக்கு போய் சேருது, அவனே அப்போ லேபர் கேம்ப்ல, அங்கயும் பத்திரமா வச்சிருக்கான், 1944ல பாலஸ்தீனத்துக்கு கப்பல் ஏறணும்னு முடிவானதும் என்ன தோணுச்சோ, நோட்ட திருப்பி செல்மாவோட ஃப்ரெண்டுகிட்டயே குடுத்துட்டான். அவன் ஏறின மெஃப்கூரே கப்பல கருங்கடல்ல சோவியத் நீர்மூழ்கி மூழ்கடிச்சிருச்சு. 300 பேருக்கு மேல செத்தாங்க, அதுல அவனும் ஒருத்தன். நோட்டு மட்டும் ஃப்ரெண்டுங்க கையால இஸ்ரேல் போய் சேர்ந்துச்சு. 1976ல அவளோட பழைய ஸ்கூல் வாத்தியார் ஹெர்ஷ் சேகல் தன் சொந்தக் காசுல புத்தகமா போட்டாரு. வாத்தியாருக்கு ஒரு லைக் போடுங்கப்பா!

குடும்பத்துல இன்னொரு கவிஞரும் உண்டு. போருக்கப்புறம் ஜெர்மன் கவிதைல பெரிய பேரான பால் செலான் இவளுக்கு தூரத்து சொந்தம், அதே ஊரு. அவரு அப்பா அம்மாவும் 1942ல டிரான்ஸ்னிஸ்ட்ரியா போய் திரும்பலை, அந்த அம்மாவ அவரு கவிதைல திரும்பத் திரும்ப கூப்பிட்டுட்டே இருப்பாரு. என் கருத்து, செலான் கஷ்டமா இருந்தா முதல்ல செல்மாவ படிங்க, அப்புறம் அவருகிட்ட போங்க, ஒரே வீட்டு துக்கம்னு தெரிஞ்சு படிச்சா உள்ள இறங்கும்.

செலானுக்கு தனி வீடியோ வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க, 'ரொம்ப சோகம் ப்ரோ'ன்னு மட்டும் போடாதீங்க!