முட்டியைச் சோதிக்கும் ரோபோ

வணக்கம் நேயர்களே. எம்ஆர்டி ரயில் நிலையத்துப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். எல்லாம் முட்டி செய்கிற வேலை. அந்த முட்டியை ரோபோவை வைத்துச் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் நான் பல வருடம் வேலை பார்த்தேன். ரோபோ என்றதும் அறுவை சிகிச்சைக்கு வருகிற ரோபோவை நினைத்துவிடாதீர்கள். இது கார்த் தொழிற்சாலையில் பற்றவைக்கிற கை இருக்கிறதே, அந்த ரகம்.

முதலில் ஒன்று. முட்டி கதவுக் கீல் இல்லை. எங்கே பேசினாலும் இதைச் சொல்வேன், இன்றைக்கும் திரும்பத் திரும்பச் சொல்வேன். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை மெல்ல நீட்டிப் பாருங்கள். (கார் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்!) கால் முழுசாக நீளும்போது, கடைசியில் கீழ்க்கால் எலும்பு தானாகவே லேசாக வெளிப்பக்கம் திரும்பும். மடங்குவது, திரும்புவது, முன்னே பின்னே நகர்வது எல்லாம் சேர்ந்தே நடக்கிறது. கீலுக்கு இந்த வித்தை தெரியாது.

சரி, ரோபோ என்ன செய்கிறது? உடல்தானம் செய்த ஒருவருடைய முழங்கால், உறைநிலையில் வைத்திருந்தது, முதல் நாளே எடுத்து இளக விடுவோம். காய்ந்துவிடாமல் உப்புநீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும். தொடை எலும்பை அசையாமல் ஒரு தாங்கியில் பொருத்திவிட்டு, கீழ்க்கால் எலும்பை ரோபோவின் மணிக்கட்டில் மாட்டுவோம். நடுவில் ஓர் உணர்கருவி. எந்தப் பக்கம் எவ்வளவு இழுக்கிறது, எவ்வளவு முறுக்குகிறது என்று அது சொல்லும்.

இப்போது கீழ்க்காலை முன்பக்கமாக இழுக்கிறோம், சுமார் 13 கிலோ எடைக்குச் சமமான விசையில். முட்டி எந்தப் பாதையில் நகர்ந்தது என்பதை ரோபோ அப்படியே பதிந்துகொள்ளும். அப்புறம் முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கிற ஏசிஎல் நாரை வெட்டுகிறோம். கால்பந்து ஆடுகிற பையன்கள் கிழித்துக்கொண்டு வருவார்களே, அதே நார்தான். வெட்டியதும் முட்டி தளர்ந்துவிடும். ரோபோ அதைக் கண்டுகொள்ளாது, பழைய பாதையிலேயே திரும்பப் போகும். விசை எவ்வளவு குறைந்ததோ, அவ்வளவும் அந்த ஏசிஎல் சுமந்தது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் சேவியோ வூ என்பவரின் குழு செய்து காட்டிய வழி இது. ரோபோவின் பலம் இங்கே பெரிதில்லை. போன பாதையிலேயே மறுபடி போகிறதே, அதுதான் பெரிது. மனிதக் கைக்கு அது வராது.

அது எவ்வளவு கறார் என்றால், இளவயதுக்காரரின் ஏசிஎல் ஒரு மில்லிமீட்டர் நீள ஏறக்குறைய 25 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்க வேண்டும். அப்படியானால் தாங்கியின் திருகாணி பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் நகர்ந்தாலே கணக்கில் இரண்டரைக் கிலோ பிசகும். நாங்கள் வேலை நேரத்தில் பாதியைத் திருகாணி முறுக்கியே கழித்தோம்.

எங்கள் அத்தை ஒருமுறை கேட்டார்: “ஏம்ப்பா, உங்க ரோபோ சம்மணம் போட்டு உட்காருமா?” கோயில் அன்னதானத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல் தவித்துவிட்டு வந்த கோபம் அவருக்கு. நான் சிரித்தேன், ஆனால் நியாயமான கேள்வி. நடக்கும்போது முட்டி 60 பாகைதான் மடங்குகிறது. நாற்காலியிலிருந்து எழ 90 போதும். சம்மணத்துக்கு, தொழுகையில் மண்டியிட, குந்தி உட்கார 130, 140 வேண்டும். ஏசிஎல் சோதனைகள் பலவும் 90 பாகையோடு நின்றுவிடும். அதற்கு மேல் மடக்கினால் ரோபோவின் கை தாங்கியில் போய் இடிக்கும். இன்னொரு சிக்கல், நம் கால் அவ்வளவு மடங்கும்போது கெண்டைச் சதையும் தொடைச் சதையும் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும். சோதனைக்கு வருகிற காலில் அந்தச் சதை பெரும்பாலும் இருக்காது. கீலாக இருந்தால் எத்தனை பாகை என்று மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். முட்டி கீல் இல்லையே! தரையில் உட்காருகிறவர்களின் முட்டியை, உட்காருகிற அளவுக்கு மடக்கித்தான் சோதிக்க வேண்டும் என்று நான் இன்னமும் சண்டை போடுகிறேன்.

தோள்பட்டையைப் பற்றியும் முதுகெலும்பைப் பற்றியும் குறிப்பெடுத்து வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தானாம். தோள்பட்டை போகட்டும். உடல்தானத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இருக்கிறதே, அது சிறுநீரகம், இதயம், கல்லீரல், விழிவெண்படலம் இந்த நான்குக்கும்தான், அதுவும் மாற்று சிகிச்சைக்கு மட்டும். ஆய்வுக்கும் கல்விக்கும் உடலைத் தர வேறு சட்டம், 1972இல் வந்தது. 18 வயது ஆனவர்கள் தாங்களாக முன்வந்து பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தால் அன்றைக்கே வீட்டிலும் சொல்லிவிடுங்கள், துக்க வீட்டில் முதல் தடவையாகக் கேள்விப்பட்டால் பிள்ளைகள் பதறிப்போவார்கள். நன்றி, வணக்கம்.