தொண்ணூறு அங்குல எந்திரத்துக்கு ஆள் வேண்டும்

(மேற்கு லண்டனில் ஒரு தமிழ்ப் பள்ளியின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் ஐயா அவர்களே, வரவேற்புரை வழங்கிய தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வேலை நாளிலும் நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையை அலங்கரிக்கும் கவுன்சிலர் அவர்களே, பிள்ளைகளின் நாட்டியத்தைப் பார்க்க வந்து என் பேச்சையும் கேட்கப்போகும் பெற்றோர்களே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். பொன்னாடை போர்த்திய செயலாளர் தம்பிக்கும், ஒலிபெருக்கியைச் சரிசெய்து தந்த இளைஞர்களுக்கும் தனியாக நன்றி சொல்லவேண்டும். இவர்கள் யாரும் மேடையில் இல்லை. ஆனால் அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று நம் முன்னோர் சொன்னது இவர்களைப் போன்றவர்களை நினைத்துத்தான்.

நான் பேச எடுத்துக்கொண்டது இதே மேற்கு லண்டனில் கியூ பிரிட்ஜ் நீரேற்று நிலையத்தில் நிற்கும் 90 அங்குல நீராவி எந்திரம். லண்டனுக்குக் குடிநீர் அனுப்ப ஏன் அவ்வளவு பெரிய எந்திரம் வேண்டியிருந்தது, அது எப்படி ஓடுகிறது, டீசலும் மின்சாரமும் வந்தபோது என்ன நடந்தது என்று மூன்றையும் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன்.

1811இல் தொடங்கிய கிராண்ட் ஜங்ஷன் என்ற குடிநீர்க் கம்பெனி, முதலில் கால்வாய்த் தண்ணீரைத்தான் லண்டனின் மேற்குப் பகுதிக்கு விற்றது. அது நாறிப்போனதும் 1820இல் செல்சியில் தேம்ஸ் ஆற்றுக்குள்ளேயே குழாயைப் போட்டார்கள். எந்த இடத்தில் தெரியுமா? ரானலா சாக்கடை ஆற்றில் கலக்கும் வாய்க்குப் பக்கத்தில்! ஊர்க் கழிவெல்லாம் ஒரு குழாயில் வெளியே போகிறது, அடுத்த குழாய் அதை உள்ளே இழுக்கிறது. அதற்குக் காசும் வாங்கினார்கள். வீடுகளில் இருந்தவர்கள் பெரிய சீமான்கள், சீமாட்டிகள். வெள்ளிக் கூஜாவில் ஊற்றினாலும் தண்ணீர் அதே தண்ணீர்தானே? ஆண்டுக்கணக்காக யாரும் கேட்கவில்லை. 1827இல் ஜான் ரைட் என்ற ஒரு மனிதர் சிறு நூல் ஒன்றை அச்சிட்டு, சாக்கடை வாய் இங்கே, உங்கள் குடிநீர்க் குழாய் வாய் இங்கே என்று ஊரறியப் போட்டு உடைத்தார். லண்டனே கொதித்தது. பொதுக்கூட்டங்கள், மனுக்கள் என்று போய் 1828இல் அரச விசாரணைக் குழு உட்கார்ந்தது. அதே ஆண்டில் வில்லியம் ஹீத் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். ஒரு சீமாட்டி தேம்ஸ் தண்ணீர்ச் சொட்டை உருப்பெருக்கியில் பார்க்கிறாள். உள்ளே கொம்பும் வாலுமாகப் பூதங்கள் நீந்துகின்றன. கையிலிருந்த தேநீர்க் கோப்பை நழுவுகிறது. கம்பெனி வேறு வழியில்லாமல் ஆற்றின் மேல்பகுதிக்கு நகர்ந்து, 1838இல் கியூ பிரிட்ஜ் நிலையத்தைத் தொடங்கியது. ஒரு தனி மனிதர், பணமில்லை, பதவியில்லை, ஒரு சின்னப் புத்தகம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது! அந்த நாளைய பிரபுக்கள் எத்தனையோ பேரை மறந்துவிடலாம். ஜான் ரைட்டை மறக்கக்கூடாது.

கியூவும் முடிவான தீர்வு இல்லை. 1852ஆம் ஆண்டுச் சட்டம், டெடிங்டன் தடுப்பணைக்கு மேலேதான் தண்ணீர் எடுக்கவேண்டும் என்றது. ஆகவே 1855இல் உறிஞ்சும் இடம் ஹாம்ப்டனுக்குப் போனது. அங்கிருந்து வந்த நீரை ஊருக்குள் ஏற்றி அனுப்பும் வேலை கியூ எந்திரங்களுக்கு மிஞ்சியது.

இனி எந்திரத்துக்கு வருவோம். 1846இல் கார்ன்வாலில் ஹெய்ல் என்ற ஊரில் வார்த்தது. சிலிண்டரின் உள்விட்டம் 90 அங்குலம், ஏழரை அடி. அதற்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் ஒரு தடவை போகும் தூரம் 11 அடி. பிஸ்டனின் ஒவ்வொரு அடிப்புக்கும் ஏற்றும் தண்ணீர் 472 கேலன், அதாவது சுமார் 2,150 லிட்டர். பக்கத்திலேயே 1869இல் வந்த தம்பி நிற்கிறான், 100 அங்குலம். அவனுக்கு 717 கேலன்.

நின்று பார்க்கும்போது முதலில் தோன்றுவது, நீராவிதான் தண்ணீரைத் தள்ளுகிறது என்று. அப்படி இல்லை. பிஸ்டனுக்கு மேலே நீராவி வருகிறது, கீழே உள்ள நீராவி கண்டென்சர் என்ற குளிர்கலத்துக்குப் போக, அங்கே குளிர்ந்த நீர் பீய்ச்சி வெற்றிடம் உண்டாகிறது. பிஸ்டன் கீழே இறங்க, ஏற்றப்பலகை போல ஆடும் பெரிய இரும்பு உத்தரமான பீமின் மறுமுனையில் இரும்புக் கட்டிகள் நிறைந்த எடைப்பெட்டி பம்ப் தண்டோடு மேலே எழும்புகிறது. பிறகு சமநிலை வால்வு திறக்கும். மேலிருந்த நீராவி கீழே போய் இருபுறமும் அழுத்தம் ஒன்றாகிவிடும். அப்போது எடைப்பெட்டி தன் பாரத்தாலேயே இறங்கி, தண்ணீரை ஊருக்குள் அழுத்துகிறது. நீராவியின் வேலை தூக்குவது, தள்ளுவது எடையின் வேலை.

இதில் சுழல்சக்கரம் கிடையாது. பிஸ்டன் எங்கே நிற்கவேண்டும் என்று கட்டிப்போடும் கிராங்க்கும் கிடையாது. முதல் சில அடிப்புகளை டிரைவர் கையால் நெம்புகோல்களைப் பிடித்து ஓட்டவேண்டும். சிலிண்டர் குளிர்ந்திருக்கும்போது நீராவியில் பாதி சுவரிலேயே தண்ணீராகிவிடும், அடிப்பு குட்டையாக வரும். சூடேறச் சூடேற, அதே அளவு நீராவிக்கு அடிப்பு நீண்டுகொண்டே போகும். டிரைவர் அதைக் கவனித்து நீராவியைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கொஞ்சம் அசந்தால் பீம் மரத் தாங்கிகளில் போய் மோதும். அதனால்தான் பொறுமையாகச் சூடேற்றுவதும், வடிகுழாய்களைத் திறந்து சிலிண்டரில் சேரும் நீரை வெளியேற்றுவதும். நீரை நசுக்க முடியாது. பிஸ்டனுக்கும் மூடிக்கும் நடுவில் அது மாட்டினால் உடைவது இரும்புதான்.

ஊரில் எங்கோ ஒரு குழாய் வெடித்தால்? எதிர்ப்பு போய்விடும், எடைப்பெட்டி தொப்பென்று விழும். அதைத் தடுக்கத்தான் வெளியே ஏறத்தாழ 200 அடி உயரத்தில் 1867இல் கட்டிய செங்கல் கோபுரம். அது அழகுக்கு எழுப்பிய கோபுரம் இல்லை. உள்ளே செங்குத்துக் குழாய்களில் நிற்கும் தண்ணீர், எந்திரத்துக்கு எப்போதும் ஒரு சுமையைக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இப்போது நான் வந்த விஷயம். பிஸ்டன் தண்டு மூடியைத் துளைத்து வரும் இடத்தில் நீராவி கசியாமல் தடுக்கும் கிளாண்ட் என்ற அடைப்பு இருக்கிறது. கொழுப்பில் ஊறிய சணல் கயிற்றைச் சுற்றிச் சுற்றி அழுத்தி அடைப்பார்கள். அதிகம் இறுக்கினால் தண்டு கீறும். தளர்ந்தால் நீராவி வீணாகும். கண்டென்சர் பக்கத்து இணைப்புகளில் அதே அசட்டை காட்டினால் காற்று உள்ளே புகுந்துவிடும். வெற்றிட மானி பாதரச அளவில் 25, 26 அங்குலம் காட்டவேண்டும். அதில் ஓர் அங்குலம் குறைந்தால் இந்தப் பிஸ்டன்மேல் 1,400 கிலோ விசை போச்சு! இத்தனை டன் இரும்பின் மானத்தைக் காப்பது அந்தச் சணல் சுற்றும் கை. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்று திரும்பத் திரும்பச் சொல்வதற்குத் தலைவர் ஐயா மன்னிக்கவேண்டும். எனக்கு அதைவிடப் பொருத்தமாகச் சொல்லத் தெரியவில்லை.

டீசலும் மின்சாரமும் வந்து நீராவியின் வேலையை எடுத்துக்கொண்டன. 98 ஆண்டுகள் உழைத்து 1944இல் இந்த எந்திரம் ஓய்வு பெற்றது. உடைத்து விற்காமல் வைத்தார்கள், அதற்கு நாம் கைகூப்பவேண்டும். 1973இல் அறக்கட்டளை அமைத்து, 1975இல் அருங்காட்சியகம் திறந்து, 1976இல் இதற்கு மறுபடி நீராவி கொடுத்தார்கள். ஆனால் சாயம் பூசிக் கயிறு கட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. ஓடாத எந்திரம் சும்மா இருக்கவில்லை, கெட்டுக்கொண்டிருக்கிறது. எண்ணெய்ப் படலம் வடிந்து சிலிண்டர் சுவரில் துரு ஏறும், சணல் காய்ந்து சுருங்கும், பாய்லரின் உள்ளே ஈரம் தங்கித் தகட்டைத் தின்னும். அதைவிட மோசம், ஓட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிறது. வரைபடம் அலமாரியில் இருக்கும். அடிப்பு நீளுவதைக் காதால் உணர்ந்து கையை இழுக்கும் வித்தை, பக்கத்தில் நின்றால்தான் வரும்.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால், படிக்காமல் கைவேலையில் ஆசையாக இருக்கும் பிள்ளை இருந்தால் இன்னும் நல்லது, இப்படிப் பாதுகாத்த ஏதாவது ஓர் எந்திரத்துக்குத் தன்னார்வலராக அனுப்புங்கள். வெறும் பார்வையாளராகப் போவதானாலும், நீராவி நாள் எது என்று கேட்டுவிட்டுப் போங்கள். கியூ பிரிட்ஜ் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தூரம்தான். கீழே நெம்புகோல் மேடையில் ஒரு தடவை, நடுத்தளத்தில் சிலிண்டர் மூடிக்கு அருகில் ஒரு தடவை, உச்சியில் பீம் தளத்தில் ஒரு தடவை என்று மூன்று தளமும் ஏறுங்கள். குதியுயர்ந்த செருப்பு வேண்டாம், படிகள் இரும்பு, எண்ணெய் இருக்கும். எண்ணெய்க் குடுவையோடு நிற்பவரிடம் கேள்வி கேளுங்கள், அவர்கள் விரும்பிப் பதில் சொல்வார்கள். கவுன்சிலர் அவர்களிடம் ஒரே விண்ணப்பம்: பாய்லர் ஆய்வுக்கும் எரிபொருளுக்கும் ஆகும் செலவு, சாயம் பூசும் செலவுக்கு முன்னால் வரவேண்டும். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் வாசலில் வைத்திருக்கும் ஏட்டில் எழுதிவிட்டுச் செல்லுங்கள். வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.