ஓடாத மெஷினுக்கும் காசு கட்டணுமா?

மேடைல இருக்கிற சங்கத் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணா, வேலை நாள்னு பாக்காம வந்திருக்கிற மின்வாரிய செயற்பொறியாளர் ஐயா, மாவட்ட தொழில் மையத்துல இருந்து வந்த மேடம், மண்டபத்தை வாடகை வாங்காம குடுத்த பெரியவர், உக்கார எடம் இல்லாம பின்னாடி நிக்கிற லேத் பட்டறை தம்பிங்க, எல்லாருக்கும் வணக்கமுங்க. தலைவர் ஐயா உடம்பு முடியாமயும் வந்திருக்காரு, அவருக்கு தனியா ஒரு நன்றி.

கரண்ட் பில்லு, மாசுக் கட்டுப்பாட்டு விதி, ஜிஎஸ்டி, இந்த மூணையும் பேசணும்னு வந்தேன். "உழுதவன் கணக்குப் பாத்தா உழக்குகூட மிஞ்சாது"ன்னு எங்கப்பா சொல்லிட்டே இருப்பாரு. பட்டறைக்காரனுக்கும் அதே கதைதானுங்க.

நம்ம கோயமுத்தூரு கரண்ட்டால வளந்த ஊரு. 1930கள்ல நீலகிரி பைக்காரால தண்ணில எடுத்த கரண்ட் வந்துச்சு, மில்லு பெருகுச்சு, மில்லுக்கு ஸ்பேர் செய்ய இரும்பு வார்க்கிற ஃபவுண்டரி வந்துச்சு, பட்டறை வந்துச்சு, அப்புறம் மோட்டாரு, பம்ப்செட்டு, கிரைண்டரு.

2012 ஞாபகம் இருக்குங்களா? பகல்ல கரண்ட் வர்ற நேரத்த விட போற நேரம்தான் ஜாஸ்தி. இங்க கணபதி ஏரியால எங்க பட்டறைல ரெண்டே லேத்து, இரும்பு கடையற மெஷினு. அப்பா லேத்துக்கு பக்கத்துலயே பாய் விரிச்சு படுப்பாரு, பல்பு சுவிட்ச போட்டே வச்சிருப்பாரு, வெளிச்சம் மூஞ்சில அடிச்சா எந்திரிச்சிருவாரு. ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு பல்பு எரிஞ்சுது, நானும் எந்திரிச்சேன், அம்மா வீட்ல இருந்து டீ கொண்டு வந்துட்டாங்க, காலைல டெலிவரி குடுக்க வேண்டிய பம்ப் ஷாஃப்ட்டு, கடைசி ஷாஃப்ட்டுக்கு திருகு மரை வெட்டிட்டு இருக்கோம், பாதி மரைல கரண்ட் போயிருச்சு. டூல் முனை உள்ளயே மாட்டிக்கிச்சு. அப்பா ஒண்ணும் பேசல, டீய குடிச்சிட்டு இருட்டுலயே உக்காந்திருந்தாரு. அந்த ஷாஃப்ட்டு இன்னும் எங்க பட்டறை பரண்ல இருக்கு, ஸ்கிராப்புக்கு போட எனக்கு மனசு வரல. அந்த வாரம் சனிக்கிழமை ஆளுங்களுக்கு சம்பளம் குடுக்க அம்மாவோட வளையல் போச்சு.

இப்ப கரண்ட் இருக்குதுங்க, அத நான் மறைக்கல. ஆனா ஃபிக்சட் சார்ஜ்! ஓட்டுன யூனிட்டுக்கு இல்ல, நாம வாங்கி வச்சிருக்கிற ஒப்பந்த லோடுக்கு மாசாமாசம் கட்டற காசு. 112 கிலோவாட், அதான் 150 ஹெச்பி இணைப்புக்கு 2022 செப்டம்பருக்கு முன்னாடி மாசம் 3,920 ரூவா, கிலோவாட்டுக்கு 35 கணக்குல. 2023ல அது 17,200ஐ தாண்டிருச்சு. ஆர்டர் இல்லாம மெஷின் ஒரு மாசம் சும்மா நின்னாலும் இது கட்டணும். லோடை குறைச்சுக்கலாமேன்னு கேப்பாங்க, குறைச்சிட்டு ஆர்டர் வர்றப்ப மறுபடி ஏத்த அலையறதுக்குள்ள ஆர்டர் குஜராத்துல ராஜ்கோட்டுக்கு போயிருமுங்க. 2023 செப்டம்பர் 25 மாநிலம் பூரா கதவ சாத்துனோமே, சும்மாவா சாத்துனோம்? உழுதவன் கணக்குதான், உழாத மாசத்துக்கும் இப்ப சேர்த்து கேக்குறாங்க.

விதிமுறைக்கு வர்றேன். திருப்பூர்ல 2011 ஜனவரில ஹைகோர்ட் உத்தரவுல சாயப்பட்டறைகள மூடுனாங்க. சாயக் கழிவு கலந்த நொய்யல் ஆத்துக்காக அது வேணும், அந்த தண்ணிய நம்புன விவசாயி பட்ட பாடு கொஞ்சமில்ல. ஆனா ஒரு சொட்டு கழிவும் வெளிய விடக்கூடாதுன்னா கழிவுத் தண்ணிய வடிகட்டற ஆர்ஓவும், மிச்சத்த காய்ச்சி வத்த வைக்கிற எவாப்பரேட்டரும் ராத்திரி பகலா ஓடணும், அதுக்கும் கரண்ட்தான். எந்த விதி போட்டாலும் கடைசில அது கரண்ட் பில்லாத்தான் நம்ம கைக்கு வருது, அதனால ஜிஎஸ்டிய இன்னொரு நாள் பேசிக்கலாம்.

செயற்பொறியாளர் ஐயா, கட்டணத்த நீங்க தீர்மானிக்கறதில்ல, ஒழுங்குமுறை ஆணையம்தான், அது தெரியும். எங்க கோரிக்கைய மேல அனுப்புங்க: ஒப்பந்த லோடுக்கு இல்ல, அந்த மாசம் மீட்டர்ல ஏறுன லோடுக்கு மட்டும் ஃபிக்சட் சார்ஜ் போடுங்க. மனு வாசல் பக்கம் மேசைல இருக்கு. சர்வீஸ் நம்பர எழுதி, கடைசி மூணு மாச பில்லு நகல வச்சு, கையெழுத்து போட்டுட்டு அப்புறம் சாப்பிட போங்க.