கீறலின் ஆழம் பார்த்துக் கை வைப்போம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தியதும், கதவிலும் பம்பரிலும் இருக்கும் கீறல்கள் கண்ணை உறுத்தத் தொடங்கிவிடும். உடனே பெயிண்ட் வாங்கிப் பூசிவிடலாம் என்று தோன்றும். பல கீறல்களுக்குப் பெயிண்டே தேவையில்லை. அது தெரியாமல் கை வைப்பதால்தான், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிந்த கோடு தெருவிலிருந்தே தெரியும் திட்டாகிவிடுகிறது.

இன்றைய கார்களில் இரும்புத் தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் பூச்சும், அதன் மேல் நிறம் நன்றாகப் பிடிக்க உதவும் பிரைமர் என்ற அடிப்பூச்சும், பிறகு நிறமும், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட்டும் இருக்கின்றன. இவை அத்தனையும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் கனம்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 40 மைக்ரான். தேய்க்கும் ஒவ்வொரு முறையும் இதில் சிறிது போய்விடும், திரும்ப வளராது. முந்தைய உரிமையாளர் எத்தனை முறை பாலிஷ் போட்டார் என்பது தெரியாததால், பழைய காரில் கூடுதல் கவனம் வேண்டும்.

முதலில் வண்டியை நன்றாகக் கழுவி உலர விடுங்கள். கீறலின் மேல் சிறிது தண்ணீர் தெளியுங்கள். ஈரத்தில் கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது என்று பொருள். அடுத்து, நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக நகர்த்துங்கள். நகம் தட்டி நின்றால் கீறல் ஆழமானது.

ஆழமில்லாத கீறலுக்கு ரப்பிங் காம்பவுண்ட் எனப்படும் தேய்ப்புப் பசையும் மென்மையான மைக்ரோஃபைபர் துணியும் போதும். நிழலில், தகடு சூடாக இல்லாத நேரத்தில், கீறல் உள்ள இடத்தை மட்டும் கையால் தேயுங்கள். கதவின் விளிம்புகளில் பூச்சு மெலிதாக இருக்கும் என்பதால் அங்கே அழுத்த வேண்டாம். துணியில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள்; கிளியர் கோட் அங்கே தேய்ந்து போயிருக்கிறது. பழைய அம்பாசடர் போன்ற கிளியர் கோட் இல்லாத வண்டிகளில் மட்டும் இப்படி நிறம் வருவது இயல்பு.

ஆழமான கீறலுக்கு டச் அப் பெயிண்ட் வேண்டும். எஞ்சின் அறையிலோ ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலோ உள்ள வில்லையில் நிறத்தின் குறியீடு இருக்கும். அதைச் சொல்லி வாங்குங்கள். வெள்ளை எளிதில் பொருந்தும். சில்வர்தான் சோதிக்கும் நிறம்: அதில் கலந்துள்ள நுண்ணிய அலுமினியத் துகள்கள் ஸ்பிரேயில் தட்டையாகப் படிகின்றன, தூரிகையில் தாறுமாறாகப் படிகின்றன, அதனால் தொட்ட இடம் சற்று நிறம் மாறித் தெரியும்.

துரு இருந்தால் அதை உப்புத்தாளால் முழுவதும் சுரண்டி எடுத்துப் பிரைமர் பூசாமல் மேலே போகக் கூடாது. மூடிய பூச்சுக்கு அடியிலும் துரு பரவும். கடலோர ஊர்களில் விரைவாகப் பரவும். பெயிண்டைப் பல் குத்தும் குச்சியின் நுனியால் கீறலுக்குள் மட்டும் மெல்லிய பூச்சுகளாக இட்டு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததை இடுங்கள். கடைசியாகக் கிளியர் கோட். சில நாள் கழித்து, மேடாக நிற்கும் பகுதியை 2000 எண் வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் மிக நைசான உப்புத்தாள்) சோப்புத் தண்ணீர் விட்டுச் சமப்படுத்திக் காம்பவுண்ட் போடலாம். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். காற்றின் ஈரத்தால் பூச்சு வெளுத்துப் பனி படர்ந்ததுபோல் ஆகிவிடும். வாக்ஸ் போட ஒரு மாதமாவது பொறுத்திருங்கள்.

தகடு நசுங்கியிருந்தாலோ, உள்ளங்கை அகலத்துக்கு நிறம் உரிந்திருந்தாலோ டிங்கரிங் பட்டறைக்கே கொண்டு செல்லுங்கள். வெயிலில் வெளிறிய பழைய நிறத்தோடு புது நிறம் எளிதில் பொருந்தாது. ஆகவே, அடுத்துள்ள தகட்டின் மீதும் நிறத்தைப் படிப்படியாகக் கலந்துவிட்டு அடிப்பார்களா என்பதை, வண்டியை விடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.