நீண்ட விமானப் பயணம்: செலவைக் கூட்டாமல் வசதியாக, கசங்காமல் போய் இறங்க

[காட்சி: இருக்கை மேஜையின் மேல் உப்பிப்போன ஒரு சிப்ஸ் பாக்கெட்]

இந்தப் பாக்கெட்டைப் பாருங்கள். ஏறும்போது சாதாரணமாகத்தான் இருந்தது. விமானம் மேலே போய்ச் சேர்ந்ததும் தலையணை மாதிரி உப்பிவிட்டது. யாரும் இதற்குள் காற்றடிக்கவில்லை. சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம் குறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

விமானம் பறக்கும் 35,000 அடி உயரத்தில் நம்மால் சரியாக மூச்சுவிட முடியாது என்பதால் கேபினுக்குள் காற்றை அழுத்தி வைக்கிறார்கள். தரையில் இருக்கும் அளவுக்கு இல்லை. 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலைமேல் உட்கார்ந்திருப்பது போன்ற அழுத்தம்தான் உள்ளே இருக்கும். அந்த நிலையில், அடைபட்டிருக்கும் வாயு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை விரியும்.

உங்கள் வயிற்றிலும் வாயு இருக்கிறது. பாக்கெட்டுக்கு நடப்பதுதான் அதற்கும்.

[காட்சி: இறுக்கமான ஜீன்ஸின் பொத்தான், அருகில்]

என்ன உடுத்துவது என்ற கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் நீண்ட பயணத்துக்கு இறுக்கமான ஜீன்ஸும் புது லெதர் ஷூவும் போட்டுக்கொண்டு போனேன். ஏறுவதற்கு முன் எடுத்த போட்டோ பிரமாதம். ஆறாவது மணி நேரத்தில் ஜீன்ஸ் பொத்தானைக் கழற்றிவிட்டுப் போர்வையால் மூடிக்கொண்டேன். இறங்கும் நேரத்தில் கால் வீங்கி ஷூவுக்குள் போகவே இல்லை. ஷூவின் பின்பக்கத்தை மிதித்து, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டே இமிகிரேஷன் வரிசையில் நின்றேன். அப்போது யாரும் போட்டோ எடுக்காதது என் அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து நான் துணியை எடுத்துவைக்கும்போது கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: பதினான்கு மணி நேரம் கழித்து இது எப்படி இருக்கும்?

அப்படிப் பார்த்தால் பின்னல் துணி ஜெயித்துவிடும். டி-ஷர்ட், ஸ்வெட்டர் எல்லாம் பின்னல் துணிதான். நூல் வளையம் வளையமாகக் கோத்திருப்பதால் இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்கு வரும், மடிப்பும் அவ்வளவாக விழாது. லினன் சட்டை ஒரு மணி நேரத்தில் கசங்கிவிடும், அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இடுப்பில் எலாஸ்டிக் வைத்த தளர்வான பேண்ட், அதே நிறத்தில் ஒரு டி-ஷர்ட், மேலே மெல்லிய ஸ்வெட்டர். நிறம் கறுப்போ கருநீலமோ இருந்தால் குழம்பு சிந்தினாலும் தெரியாது. தலை முதல் கால் வரை ஒரே நிறமாக இருந்தால் பைஜாமா போன்ற பேண்ட்கூட யோசித்து உடுத்திய மாதிரி தெரியும். இதற்குத் தனியாகப் பணம் தேவையில்லை, அலமாரியைத் திறந்தால் போதும்.

காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால், பெரிய ஷால் வாங்குங்கள். ஆண்களுக்கும்தான் சொல்கிறேன். குளிருக்குப் போர்வை, சுருட்டினால் தலையணை, முகத்தில் போட்டால் திரை, இறங்கியதும் கழுத்தில் போட்டால் ஸ்டைல்.

[காட்சி: கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும் படம்]

சரி, கால் ஏன் வீங்குகிறது? நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி, கீழே இறங்கிய இரத்தத்தை இதயத்தை நோக்கித் தள்ளுகிறது. உட்கார்ந்தே இருந்தால் அந்தப் பம்பு நின்றுவிடும். இரத்தம் தேங்கி, அதிலுள்ள நீர் திசுக்களில் கசிகிறது. அதுதான் வீக்கம். நான்கு மணி நேரத்துக்கு மேல் இப்படி அசையாமல் இருந்தால் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது. ஆரோக்கியமானவர்களுக்கு இது மிக அரிது. கர்ப்பிணிகள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்பு இரத்த உறைவு வந்தவர்கள் மட்டும் கிளம்பும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முழங்கால் வரை வரும் கம்ப்ரஷன் சாக்ஸ் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும். ஒரு ஜோடி வாங்கினால் பல பயணங்களுக்கு வரும். கூடவே, உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள். அது இலவசம்.

[காட்சி: ஜன்னலுக்கு வெளியே மேகமில்லாத வானம்]

அடுத்த தொல்லை வறட்சி. வெளியே மைனஸ் 50 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றில் ஈரமே கிடையாது. அதைத்தான் உள்ளே எடுத்துச் சூடாக்கி விடுகிறார்கள். அதனால் கேபினில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். உதடு வெடிப்பது, மூக்கு எரிவது, கண் உறுத்துவது எல்லாம் இதனால்தான். கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் அன்று மட்டும் கண்ணாடிக்கு மாறிவிடுங்கள்.

காலி பாட்டிலைக் கையில் கொண்டுபோய், பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். 'டிராவல் கிட்' என்று குட்டிக் குட்டியாக விற்கும் கிரீம்களுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். வீட்டில் இருக்கும் கிரீமைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டால் முடிந்தது, பெரும்பாலான விமான நிலையங்களில் டப்பா 100 மில்லிக்குள் இருந்தால் விட்டுவிடுவார்கள். முகத்தில் ஒட்டிக்கொள்ளும் ஷீட் மாஸ்க் பற்றிக் கேட்கிறார்கள். தாராளமாகப் போடலாம். பாதித் தூக்கத்தில் கண் விழிக்கும் பக்கத்து இருக்கைக்காரரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

[காட்சி: கழுத்துத் தலையணை, முன்னும் பின்னுமாகத் திருப்பிக் காட்டுவது]

தூக்கத்துக்கு வருவோம். கழுத்துத் தலையணையை எல்லோரும் திறந்த பக்கம் முன்னால் வருமாறு மாட்டுகிறார்கள். உட்கார்ந்து தூங்கும்போது தலை முன்னால்தானே தொங்குகிறது? அங்கே தாங்க ஒன்றுமே இல்லை. திருப்பி மாட்டுங்கள், தாடை அதன்மேல் உட்காரும். தலையணையே வேண்டாம் என்றால் ஷாலைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றிக்கொள்ளலாம். ஸ்வெட்டரை மடித்து இடுப்புக்குப் பின்னால் வைத்தால், கழுத்துத் தலையணையைவிட அதிகமாகப் பலன் தெரியும். சீட் பெல்ட்டைப் போர்வைக்கு மேலே போடுங்கள், இல்லாவிட்டால் விமானம் குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று பார்க்கப் பணிப்பெண் எழுப்பிவிடுவார்.

சத்தம் விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. 1978இல் அமர் போஸ் என்ற பொறியாளர் விமானத்தில் கொடுத்த ஹெட்போனில் பாட்டுக் கேட்கப் பார்த்தார். எஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. இரைச்சலை அதற்கு நேர்மாறான ஒலி அலையால் அடக்க முடியுமா என்று அந்தப் பயணத்திலேயே கணக்குப் போட ஆரம்பித்தார். அவருடைய நிறுவனம் இப்படி இரைச்சலை அடக்கும், விமானிகளுக்கான ஹெட்செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1989இல். நல்ல கண்டுபிடிப்புதான், ஆனால் விலை அதிகம். தூங்க மட்டும் என்றால் நுரையாலான இயர்ப்ளக் போதும். விரலால் உருட்டி மெல்லியதாக்கி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே விடுங்கள். பலர் சும்மா வாசலில் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

இருக்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூங்க வேண்டும் என்றால் ஜன்னல், எழுந்து நடக்க வேண்டும் என்றால் நடைபாதை ஓரம். கடைசி வரிசையைத் தவிருங்கள். பல விமானங்களில் அது பின்னால் சாயாது, கழிவறை வரிசையும் உங்கள் தோள்மேல்தான் நிற்கும். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு இடைநில்லாமல் 18 மணி நேரத்துக்கு மேல் பறக்கும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானத்தில் எகானமி வகுப்பே கிடையாது. அவர்களுக்கே மனசு வரவில்லை போலிருக்கிறது.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. அதில் சேமிக்கும் மின்சாரத்துக்கு வழக்கமான வரம்பு 100 வாட்-அவர், அதாவது சுமார் 27,000 எம்ஏஹெச்.

[காட்சி: கேபின் இருட்டு, ஒரே ஒரு விளக்கு]

கடைசியாக, இறங்குவதற்கு முன். கேபின் விளக்கைப் போட்டு உணவு கொடுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கழிவறைக்குப் போவார்கள். நீங்கள் அதற்கு முன்பே, எல்லோரும் தூங்கும்போதே போய்விடுங்கள். ஒரு சின்னப் பையில் பிரஷ், பேஸ்ட், சீப்பு, மாற்று டி-ஷர்ட் இருக்கட்டும். பல் தேய்த்து, முகம் கழுவி, டி-ஷர்ட்டை மாற்றினால் ஐந்து நிமிடத்தில் வேறு ஆள் ஆகிவிடலாம்.

வெறும் சாக்ஸோடு மட்டும் உள்ளே போகாதீர்கள். கீழே இருக்கும் ஈரம் தண்ணீர் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. லேஸைத் தளர்த்தி ஷூவை அப்போதே மாட்டிக்கொள்ளுங்கள். கால் உள்ளே போகிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.