ரீபே நகரத்து இரவுக் காவலர்

நேயர்களுக்கு வணக்கம். டென்மார்க்கின் மரபையும் வரலாற்றையும் நடந்தபடியே சொல்லிக் காட்டும் ஊர்ச் சுற்றுலாக்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். யாரும் கேட்காமலேயே இதைப் பேசிக்கொண்டிருப்பவன் நான். வீட்டில் உள்ளவர்களைக் கேட்டால் சொல்வார்கள். இன்றைக்கு நிலையத்தாரே கூப்பிட்டுப் பேசச் சொல்லிவிட்டார்கள். பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், பார்ப்போம்.

கோபன்ஹேகனுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் ஓடுவது கடற்கன்னி சிலையிடம்தான். 1913-இல் வைத்த சிலை. ஒன்றேகால் மீட்டர் உயரம், அதாவது நாலு அடி சொச்சம். பேருந்து நிற்கும், எல்லோரும் இறங்குவார்கள், "இவ்வளவுதானா?" என்பார்கள், படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுவார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாட்டில் அதைவிடச் சுவையான ஒன்று இருக்கிறது. விஷயம் தெரிந்த ஒருவர் முன்னால் நடப்பார், நாம் பின்னால் நடப்போம். அவர் ஒரு முனையில் நிற்பார், கதை சொல்வார், அடுத்த முனைக்குப் போவார். தேவாலயத்திலும் இது உண்டு, அருங்காட்சியகத்திலும் உண்டு. கோபன்ஹேகனில், முன்பு வீடில்லாமல் தெருவில் வாழ்ந்தவர்களே ஊரைச் சுற்றிக் காட்டுகிற நடைகூட உண்டு.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ரீபே நகரத்து இரவுக் காவலரின் நடை.

ரீபே, யூட்லாந்து தீபகற்பத்தின் தென்மேற்கில் இருக்கிறது. கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேலாகும், நடுவில் வண்டி மாற வேண்டும். 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்றங்கரைச் சந்தையாகத் தொடங்கிய ஊர். டென்மார்க்கிலேயே மிகப் பழைய நகரம் இதுதான். சின்ன ஊர்தான். கல் பாவிய குறுகிய தெருக்கள், சாய்ந்து நிற்கும் மரச்சட்ட வீடுகள், நடுவில் ஒரு பெரிய தேவாலயம். அதன் எதிரே வைஸ் ஸ்டூ என்று ஒரு பழைய விடுதி. கோடைக்கால இரவுகளில் அந்த விடுதி வாசலில் கூட்டம் சேரும். கட்டணம் கிடையாது, நேரத்துக்குப் போய் நின்றால் போதும்.

கறுப்பு நீள அங்கியும் தொப்பியுமாக ஒருவர் வருவார். ஒரு கையில் விளக்கு. மறு கையில் நீளமான தடி, அதன் நுனியில் முள் பதித்த குண்டு. பழைய காலத்தில் அதுதான் அவருடைய ஆயுதம். நம் தெருக்களில் விசில் ஊதி, தடியைத் தரையில் தட்டிக்கொண்டு நள்ளிரவில் போவாரே கூர்க்கா, அவரை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை ஏறக்குறைய அதேதான். திருட்டைக் கவனிக்க வேண்டும், குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவர்களை விலக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தீயைக் கவனிக்க வேண்டும். மர வீடுகள், உள்ளே கணப்பு. 1580-இல் ஒரு தீ இந்த ஊரின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. அதனால் மணிக்கொரு தரம் காவலர் பாடிக்கொண்டே போவார். இப்போது மணி பத்து, எசமானரும் வேலைக்காரரும் படுக்கப் போகலாம், விளக்கையும் நெருப்பையும் பார்த்து வையுங்கள் என்பதுதான் பாட்டின் சாரம். இன்றைய காவலரும் தெருமுனையில் நின்று அதைப் பாடுகிறார். ஒலிபெருக்கி கிடையாது, காதில் மாட்டுகிற கருவியும் கிடையாது. குரல் கேட்கும் தூரத்தில் நாம்தான் போய் நிற்க வேண்டும். கூட்டம் தானாகவே நெருங்கிவிடும்.

ஒரு வேடிக்கை. வடக்கே இருப்பதால் ஜூன் மாதத்தில் அங்கே இரவு எட்டு மணிக்கு நல்ல வெயில் அடிக்கும். பளிச்சென்ற வெளிச்சத்தில் கையில் விளக்கோடு ஒருவர் இரவுக் காவல் காப்பார். யாரும் சிரிப்பதில்லை.

சரி, நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். இந்தக் காவல் இடைவிடாமல் வந்த மரபு இல்லை. 1902-இல் ரீபேயில் காவலர் வேலையை எடுத்துவிட்டார்கள். தெருவிளக்கும் போலீசும் வந்த பிறகு அவருக்கு என்ன வேலை? அப்புறம் 1935-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். எதற்காக? சுற்றுலாப் பயணிகளுக்காக. இதை யாரும் மறைப்பதில்லை. இது பழசு, இது பழசை வைத்துப் பின்னால் செய்தது என்று பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். கேட்கிறவர் முகம் வாடுமே என்று பார்ப்பதில்லை. எனக்கு அந்த நடைகள் பிடித்துப் போனதற்கு இதுதான் காரணம். இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1935-இல் தொடங்கிய நடைக்கே இப்போது தொண்ணூறு வயது. பயணிகளுக்காகக் கொண்டுவந்த காவலரே ஒரு மரபாகிவிட்டார்.

அந்த ஊரின் படகுத் துறையில் ஒரு மரத்தூண் நிற்கிறது. வெள்ளத் தூண். எந்த ஆண்டுப் புயலில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று அதில் வளையம் போட்டு வைத்திருக்கிறார்கள். வானொலியில் நான் சுட்டிக்காட்ட முடியாது. நீங்கள் எழுந்து நின்று கையை மேலே தூக்கிக்கொள்ளுங்கள். கை எட்டாது. மேலே இருக்கிறது 1634-ஆம் ஆண்டு வளையம். அந்த அக்டோபர் 11-ஆம் தேதி இரவு கடல், வழக்கமான மட்டத்துக்கு மேல் ஆறு மீட்டருக்கு எழுந்து ஊருக்குள் வந்தது. இத்தனைக்கும் ரீபே கடற்கரை ஊர் இல்லை, கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தேவாலயத்துக்கு உள்ளேயே தண்ணீர் புகுந்தது. அந்தத் தூணின் கீழே நின்று கேட்கும்போது, ஆறு மீட்டர் என்றால் என்ன என்று கழுத்து சொல்லும்.

அடுத்த கதை கொஞ்சம் கனமானது. எனக்கு இதைச் சொல்லாமல் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அதே ரீபேயில், அதே நூற்றாண்டில், மாரென் ஸ்பிலிட் என்று ஒரு பெண். தையற்காரர் மனைவி, வசதியான குடும்பம். 1637-இல் இன்னொரு தையற்காரர் அவர்மேல் புகார் சொன்னார். இரவில் இந்தப் பெண் வேறு இரண்டு பெண்களோடு என் படுக்கைக்கு வந்து என் வாயில் ஊதினாள், அப்புறம் நான் வினோதமாக எதையோ வாந்தி எடுத்தேன் என்றார். வாந்தி எடுத்ததைப் பாதிரிமார் பார்த்துவிட்டு இது இயற்கையானது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். புகார் சொன்னவரும் அதே தொழில்காரர் என்பதைக் கவனியுங்கள். நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை. வழக்கு அரசர் வரை போனது. அப்போதைய அரசர் நான்காம் கிறிஸ்டியன். சூனியக்காரர்களைத் தண்டிக்க 1617-இல் சட்டம் போட்டவர் அவர்தான். மாரெனைக் கோபன்ஹேகனுக்குக் கொண்டுபோய், சிறைக் கோபுரத்தில் வைத்துச் சித்திரவதை செய்து, ஒப்புதல் வாங்கினார்கள். 1641 நவம்பர் 9-ஆம் தேதி ரீபேக்கு வெளியே ஏணியில் கட்டி நெருப்பில் தள்ளினார்கள்.

ஊரில் அவருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. 2020-இல் சூனிய வேட்டைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே இதை அழகாக்கிச் சொல்வதில்லை, பயங்காட்டிச் சொல்வதும் இல்லை. யார் புகார் கொடுத்தார், யார் சாட்சி, யார் தீர்ப்பு எழுதினார் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். டென்மார்க் முழுவதும் ஏறக்குறைய ஆயிரம் பேர் இப்படிச் செத்திருப்பார்கள் என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. சட்டப்படி கடைசியாகக் கொல்லப்பட்டவர் ஆன்னெ பாலெஸ். ஆண்டு 1693.

இனிமேல் சொல்வதைக் கேளுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 23-ஆம் தேதி மாலை டென்மார்க்கில் சாங்க்ட் ஹான்ஸ் விழா. கடற்கரையிலும் ஏரிக்கரையிலும் பெரிய சொக்கப்பனை கொளுத்துவார்கள். பாட்டுப் பாடுவார்கள், ஒருவர் எழுந்து உரை நிகழ்த்துவார், குழந்தைகள் குச்சியில் மாவைச் சுற்றிச் சுட்டுத் தின்பார்கள். அந்த நெருப்பின் உச்சியில் வைக்கோல் அடைத்த ஒரு சூனியக்காரி பொம்மை இருக்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மாரென் காலத்திலிருந்து வருகிற வழக்கம் என்றுதானே? இல்லை. நெருப்பு மூட்டுவது மிகப் பழைய வழக்கம். பொம்மை வைப்பது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலோ 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ ஒட்டிக்கொண்டது. உண்மையான பெண்களை எரிப்பதை நிறுத்தி இருநூறு ஆண்டுகள் கழித்துப் பொம்மையை எரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். இப்போது சில இடங்களில் பொம்மை வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள், சில இடங்களில் குழந்தைகள் கேட்கிறார்கள் என்று வைக்கிறார்கள். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் இந்த விவாதம் கிளம்பும். என்னைக் கேட்டால் பொம்மை தேவையில்லை. நெருப்பு போதும், பாட்டு போதும்.

கடிகாரம் நான் நினைத்ததைவிட வேகமாக ஓடியிருக்கிறது. ரீபேயை விட்டு வெளியே வருகிறேன்.

கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் ரோஸ்கில்டே. அரை மணி நேர ரயில் பயணம். அங்கே செங்கல்லால் கட்டிய தேவாலயத்தில் நாற்பது அரசர் அரசியர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். 1995-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம். போனால் மணி அடிக்கும்வரை காத்திருங்கள். சுவரில் பழைய கடிகாரப் பொம்மைகள் இருக்கின்றன. மணி முழுதாகும்போது குதிரை மேல் இருக்கும் வீரர் பாம்பு போன்ற பறக்கும் பூதத்தைக் குத்துவார், அது கீச்சென்று அலறும். பெரியவர்களும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். அங்கேயே ஒரு தூண் உண்டு. வந்துபோன அரசர்களின் உயரத்தை அதில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். ரஷ்யாவின் மகா பீட்டர் 208 சென்டிமீட்டர். அவருக்கும் மேலே டென்மார்க்கின் முதலாம் கிறிஸ்டியன், 219 சென்டிமீட்டருக்கும் மேல். ஏழடி அரசர்! ஆனால் எலும்பை அளந்து பார்த்ததில் அவர் அவ்வளவு உயரமில்லை என்று தெரிந்துவிட்டது. அதற்காக அந்த அடையாளத்தை அழிக்கவில்லை. அடையாளத்தையும் காட்டுகிறார்கள், எலும்புக் கணக்கையும் சொல்கிறார்கள். நான் முன்னே சொன்னதுதான் இங்கேயும்.

அதே ஊரில் வைக்கிங் கப்பல் அருங்காட்சியகம். 11-ஆம் நூற்றாண்டில் எதிரிக் கப்பல்கள் உள்ளே வராமல் தடுக்கக் கடற்கழியின் வழியில் பழைய கப்பல்களை வேண்டுமென்றே மூழ்கடித்திருக்கிறார்கள். 1962-இல் அவற்றில் ஐந்தை வெளியே எடுத்தார்கள். இப்போது கோடையில் நாமே துடுப்புப் போடலாம். தோள் வலிக்கும், போகிறவர்கள் மறுநாள் வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்ஹுஸ் நகரத்தில் டென் கம்லெ பூ என்று ஓர் இடம். நாட்டின் பல ஊர்களிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து, திரும்பக் கட்டி ஒரு நகரமே அமைத்திருக்கிறார்கள். 1914-இல் திறந்தது. அதில் 1974-ஆம் ஆண்டுத் தெரு ஒன்றும் இருக்கிறது. அங்கே துருக்கியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்கிய குடியிருப்பும் ஒன்று. அரசர் வீடு மட்டும்தான் மரபு என்று நினைக்காமல், நேற்று வந்த தொழிலாளியின் கட்டிலையும் பாத்திரத்தையும் பாதுகாத்து வைத்திருக்கிறார்களே, அதற்காக அந்த ஊருக்கு நிச்சயம் போகலாம். யெல்லிங் என்ற ஊரில் இருக்கிற ரூன் கற்களை, அதாவது பழைய வடநாட்டு எழுத்தில் செதுக்கிய கற்களைச் சொல்லாமல் போனால் கோபித்துக்கொள்வீர்கள். 10-ஆம் நூற்றாண்டில் ஹரால்ட் புளூடூத் அரசர் நிறுத்திய கல் அங்கே இருக்கிறது. உங்கள் கைபேசியில் இருக்கிற புளூடூத் அவர் பெயர்தான்.

இரண்டு நிமிடம்தான் இருக்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையைக் காட்டுகிறார்கள். தரங்கம்பாடிக்கு வருகிறேன், ரொம்பப் பேச வேண்டும் என்று வைத்திருந்தேன். மாரென் வழக்கில் வந்தாரே நான்காம் கிறிஸ்டியன், அவர் காலத்தில்தான் டேனியக் கப்பல் இங்கே வந்தது. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய கடிதம் தங்கத் தகட்டில் தமிழில் எழுதியது. அது இன்றும் டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 1845-இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். கோபன்ஹேகனில் கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் என்ற பகுதியும் இதே அரசர் எழுப்பியதுதான். இந்தியாவோடும் சீனாவோடும் வணிகம் செய்த ஆசியக் கம்பெனியின் கட்டிடம் அங்கே நிற்கிறது. அங்கே இருக்கிற கால்வாய் ஓரமாக நடக்கும்போது வழிகாட்டியிடம் தரங்கம்பாடியைப் பற்றிக் கேளுங்கள். டென்மார்க் அடிமை வணிகம் செய்ததையும் கூடவே கேளுங்கள்.

போகிறவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள், குளிர்காலத்தில் பல நடைகள் கிடையாது. கல் பாவிய தெரு என்பதால் நல்ல செருப்போ காலணியோ முக்கியம். தங்கத் தகட்டுக் கடிதத்துக்கு மட்டும் இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன், அது இன்னொரு நாளைக்கு. வாய்ப்புத் தந்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.