பீட்டர் என்ற பெயின்டரைத் தேடிப் போன கதை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு என் மேசையில் துப்பாக்கி எதுவும் கிடையாது. ஒரு பெயர் மட்டும்தான் இருக்கிறது. பீட்டர் தி பெயின்டர்.

அயர்லாந்து விடுதலைப் போரில் கலந்துகொண்டவர்களின் வாக்குமூலங்களை அந்த நாட்டு அரசு 1947 முதல் பத்து வருடம் சேகரித்தது. மொத்தம் 1,773. அதில் சிலவற்றைப் படித்துக்கொண்டிருந்தேன். ராத்திரி யார் யார் போனோம், யாரிடம் என்ன ஆயுதம் இருந்தது என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள், நடுவில் இந்தப் பீட்டர் வந்து நிற்கிறார். நான் ஏதோ கூட்டாளி என்றே நினைத்துவிட்டேன். பகலில் சுவருக்கு வெள்ளையடிப்பார், ராத்திரி இயக்க வேலை பார்ப்பார் போலிருக்கிறது என்று. கொஞ்சம் பக்கம் தள்ளிய பிறகுதான் உறைத்தது: பீட்டர் ஆள் இல்லை, கையில் பிடிக்கிற சாமான்.

சரி, எந்தச் சாமான்? மவுசர் என்ற ஜெர்மன் துப்பாக்கிக் கம்பெனியின் பெயர் பக்கத்திலேயே கிடக்கிறது. ஆனால் அதை நம்பி இறங்கினால் வழி தவறிவிடும். ஏனென்றால் 1914 ஜூலையில் டப்ளினுக்குப் பக்கத்து ஹவுத் துறைமுகத்தில் அயர்லாந்து விடுதலைத் தொண்டர்கள் படகிலிருந்து இறக்கியதும் மவுசர்தான். அது 1871 மாடல், ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடுகிற நீளத் துப்பாக்கி. அதற்கு ஹவுத் துப்பாக்கி என்று தனிப்பெயரே உண்டு. நம் பீட்டர் அது இல்லை.

என்னைக் கரை சேர்த்தது உறை. இந்தக் கைத்துப்பாக்கியின் உறை மரத்தால் ஆனது, உள்ளே குடைந்த கட்டை. துப்பாக்கியை வெளியே எடுத்துவிட்டு அந்த உறையையே பிடியின் பின்னால் மாட்டினால், தோளில் வைத்துச் சுடலாம். தோட்டாக்கூடு விசைக்கு முன்னால் இருக்கும், பத்துத் தோட்டாக்களை ஒரு கிளிப்பில் கோத்து மேலிருந்து அழுத்தித் திணிக்க வேண்டும். இந்த மூன்று அடையாளமும் ஒன்றாகச் சேர்ந்தால் யோசிக்கவே வேண்டாம், மவுசர் சி96. ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரை ஊரான ஓபர்ன்டோர்ஃபில், மவுசர் ஆலையில் வேலை பார்த்த ஃபீடர்லே சகோதரர்கள் உருவாக்கியது. காப்புரிமை என்னவோ முதலாளி பால் மவுசர் பெயரில். முழுத் துப்பாக்கியிலும் திருகாணி ஒன்றே ஒன்றுதான், அதுவும் பிடியின் மரத்தைப் பிடித்து வைக்க. மற்ற எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். எனக்கு இந்தத் துப்பாக்கியில் பிடித்ததே அதுதான்.

இப்போது பெயருக்கு வருவோம். 1910 டிசம்பரில் லண்டன் ஹவுண்ட்ஸ்டிச்சில் ஒரு நகைக்கடையைக் குடைந்துகொண்டிருந்த லாத்வியக் கும்பல், தடுக்க வந்த போலீஸ்காரர்கள் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றது. 1911 ஜனவரி 3 அன்று கும்பலில் சிலர் சிட்னி தெருவில் ஒரு வீட்டில் மாட்டினார்கள். உள்ளேயிருந்து சுட்டது மவுசர் பிஸ்டல். வெளியே போலீசிடம் இருந்த ஓட்டை ஆயுதங்கள் பதில் சொல்லப் போதவில்லை, லண்டன் கோபுரத்திலிருந்து ராணுவத்தை வரவழைத்தார்கள். கடைசியில் வீடு தீப்பிடித்து எரிந்தது. பத்திரிகைகள் தேடச் சொன்னது பீட்டர் தி பெயின்டர் என்ற ஆளை. சாம்பலில் கிடைத்ததோ வேறு இரண்டு பேரின் உடல். பீட்டர் சிக்கவே இல்லை. ஆள் தப்பிப் போனார், பெயர் மட்டும் கடல் தாண்டி டப்ளினில் அந்தத் துப்பாக்கியின் மேல் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு வேடிக்கை. அன்றைக்கு சிட்னி தெருவில் உயரத் தொப்பியோடு எட்டிப் பார்த்து நின்ற உள்துறை அமைச்சர் யார் தெரியுமா? சர்ச்சில். அவர் பம்பாயில் படகிலிருந்து இறங்கும்போது தோள் பிசகிப்போனவர். வாள் வீச முடியாமல் 1898-இல் சூடானின் ஓம்துர்மான் குதிரைப்படைத் தாக்குதலுக்கு எடுத்துக்கொண்டு போனதும் இதே சி96. எதிரே சுடுவது என்ன என்று சொல்ல அங்கே அவரைவிடத் தகுந்த ஆள் இருந்திருக்க முடியாது!

இதே துப்பாக்கிக்கு ஊர் ஊருக்கு வேறு பெயர். சீனாவில் பெட்டிப் பீரங்கி. இன்னொரு பெயர் போலோ, ரஷ்யப் புரட்சிக்காரர்களான போல்ஷெவிக் என்பதன் சுருக்கம், 99 மில்லிமீட்டர் குட்டைக் குழல் வைத்த வகை அது. முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவம் 1,50,000 கேட்டபோது 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றிச் செய்தார்கள். சிப்பாய் பழைய 7.63 தோட்டாவை மறந்து போட்டுவிடக்கூடாது என்று பிடியில் பெரிதாக 9 செதுக்கிச் சிவப்புச் சாயம் பூசினார்கள், அதனால் அது சிவப்பு ஒன்பது. ஆங்கிலேயர் வைத்த பெயர் துடைப்பக்கட்டை, பிடி உருண்டையாக இருப்பதால். நம் வீட்டு விளக்குமாற்றுக்குத்தான் கட்டையே கிடையாதே! நம் ஊரில் பெயர் வைத்திருந்தால் உளிப்பிடி என்று வைத்திருப்பார்கள்.

பட்டப்பெயரே தேவைப்படாத இடமும் ஒன்று இருக்கிறது, கல்கத்தா. 1914 ஆகஸ்ட் 26. ஆயுத வியாபாரம் செய்த ரோடா கம்பெனியின் குமாஸ்தா ஸ்ரீஷ் மித்ரா சுங்க அலுவலகத்திலிருந்து 202 பெட்டிகளை விடுவிக்கிறார். கிடங்குக்கு வந்து சேர்ந்தது 192. மீதியையும் கொண்டுவருகிறேன் என்று போனவர், போனவர்தான். அந்தப் பத்துப் பெட்டியில் 50 மவுசர் பிஸ்டல், 46,000 தோட்டா. மூன்று நாள் கழித்துத்தான் போலீசுக்கே தகவல் போகிறது. அடுத்த வருடம் செப்டம்பரில் ஒடிசாவின் பாலசோரில் வங்காளப் புரட்சிக்காரர் பாகா ஜதீனும் நான்கு தோழர்களும் போலீசை எதிர்த்து நின்றது மவுசர் பிஸ்டல்களோடுதான்.

இங்கே அடையாளம் கண்டுபிடிக்கும் வேலை தலைகீழ். ஒவ்வொரு துப்பாக்கியிலும் எண் அடித்திருந்தது, அந்த எண்கள் ரோடா கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் பத்திரமாக இருந்தன. எங்கே ஒன்று பிடிபட்டாலும் எண்ணைப் பார்த்துக் கோடு போட்டுக்கொள்ளலாம். புரட்சி இயக்கங்களை விசாரிக்க ஆங்கிலேய அரசு அமைத்த, ரவுலட் தலைமையிலான குழு 1918-இல் கொடுத்த அறிக்கை வரைக்கும் கோடு விழுந்தது 31-க்கு. மீதி 19 எண்கள் கோடு இல்லாமலே நின்றன.